ஓர் இழுப்பில் ஐந்து வேலை: புரோகிரசிவ் ரீலோடிங் பிரஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

‘ரீலோடிங்’ என்று நான் சொன்னதும் ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் நினைத்துக்கொள்வது, படத்தில் ஹீரோ தீர்ந்துபோன மேகசினைத் தட்டிவிட்டு அடுத்ததைச் சொருகுவாரே, அதைத்தான். அது வேறு. இங்கே அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வது இன்னொரு வேலைக்கு. சுட்டபின் தரையில் விழும் வெற்றுப் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, அதை மறுபடி முழுத் தோட்டாவாக்குவதுதான் அது.

இரண்டாவது குழப்பம் இதைத் தெரிந்தவர்களிடமே உண்டு. இந்த வேலையின் பல படிகளை ஒரே இழுப்பில் செய்யும் கைமெஷினுக்குப் புரோகிரசிவ் பிரஸ் என்று பெயர். அதில் கைப்பிடியை இழுக்க இழுக்கத் தோட்டாக்கள் கொட்டிக்கொண்டே இருக்கும், மனிதருக்கு வேலையே இல்லை என்று நினைத்து வாங்குகிறார்கள். முதல் சனிக்கிழமை பெட்டியைப் பிரித்து மேசையில் மாட்டுவார்கள், மூன்றாவது சனிக்கிழமை அதை விற்றுவிடலாமா என்று யோசிப்பார்கள். மெஷினில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. அது என்ன செய்கிறது என்பது புரியாமல் ஓட்டியதுதான் காரணம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்கு என்றால் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இது செய்முறைக் குறிப்பு இல்லை, வெடிமருந்தின் அளவுகளும் இங்கே வராது. மெஷின் எப்படி வேலை செய்கிறது, அது ஏன் இவ்வளவு படுத்துகிறது, ஆனாலும் ஏன் அதை விட மனம் வருவதில்லை என்பது மட்டும்தான்.

தோட்டா வேறு, குண்டு வேறு

செய்தித்தாளில்கூட இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். தோட்டா என்பது முழுப் பொருள். அதில் நான்கு பாகங்கள் இருக்கின்றன. வெளியே தெரிகிற பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் சின்னப் பொட்டு மாதிரி பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே இருக்கும் மருந்து, வாயில் பொருத்தியிருக்கும் குண்டு. துப்பாக்கியிலிருந்து பறந்து போவது குண்டு மட்டும்.

ஓர் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் தீக்குச்சி, மருந்து விறகு. துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தட்டினால் பொறி பறக்கும், பொறி மருந்தைப் பற்றவைக்கும், மருந்து மிக வேகமாக எரிந்து வாயுவாகும், அந்த வாயு குண்டைத் தள்ளும். தீக்குச்சியும் விறகும் எரிந்து தீர்ந்துவிட்டன, ஆனால் அடுப்பு அப்படியே நிற்கிறது இல்லையா? அந்த அடுப்புதான் பித்தளைக் கூடு. தோட்டாவில் பொதுவாக விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று. ரீலோடிங் என்ற பழக்கம் முழுவதும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கூடு பூரி மாதிரி உப்பி, துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டுவது நல்லது, வாயு பின்பக்கம் கசியாது. அழுத்தம் அடங்கியதும் பித்தளை கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் கூடு வெளியே வந்து விழுகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுவதும் சுருங்காது. வாய் தளர்ந்திருக்கும், உடல் பெருத்திருக்கும். அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த குண்டைப் பிடித்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், நான்கு பாகங்களில் கூடு மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் உருமாறி மிஞ்சுகிறது. உருவைத் திருத்தி மற்ற மூன்றையும் புதிதாக வைப்பதுதான் ரீலோடிங்.

என்னென்ன வேலைகள்

கூட்டை அளவுக்கு இறுக்க வேண்டும். எரிந்துபோன பழைய பிரைமரை வெளியே தள்ள வேண்டும். புது பிரைமரை அழுத்திப் பதிக்க வேண்டும். குண்டு உட்காருவதற்காகக் கூட்டின் வாயை ஒரு முடியளவு விரிக்க வேண்டும். மருந்து போட வேண்டும். குண்டை வைத்துச் சரியான ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கடைசியில், விரித்த வாயை மறுபடி ஒட்டினாற்போல் மூட வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு கிரிம்ப் என்று பெயர்.

இவற்றில் உலோகத்தை அழுத்தி உருமாற்றும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டை உண்டு. லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு: டை என்பது உள்ளே குறிப்பிட்ட அளவில் குடையப்பட்ட கெட்டியான உருக்கு அச்சு. முறுக்குக் குழலில் அச்சுத் தகடு என்ன வேலை செய்கிறதோ அதே மாதிரி. பிரஸ் என்பது அந்த டைக்குள் கூட்டை மேலே தள்ளும் நெம்புகோல். நாம் கைப்பிடியைக் கீழே இழுத்தால், கூட்டைத் தாங்கிய தண்டு மேலே ஏறும்.

பிரைமரைப் பற்றி ஒரு கிளைக்கதை. இதில் பாக்ஸர், பெர்டான் என்று இரண்டு வகை உண்டு. பாக்ஸர் என்பவர் பிரிட்டிஷ்காரர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா முழுக்க ஓடுவது பாக்ஸர் வகை, பெர்டான் வகை அதிகம் புழங்கியது ஐரோப்பாவில். பாக்ஸர் கூட்டில் நடுவில் ஒரே துளை, டையின் நடுவில் இருக்கும் ஊசி அதன் வழியே இறங்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடும். பெர்டான் கூட்டில் நடுவில் துளை கிடையாது, பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகள். பொறுக்கிய குவியலில் அப்படி ஒன்று கலந்து வந்துவிட்டால் ஊசி போய் முட்டி வளையும், சில சமயம் உடையும். இதைக் கட்டாயம் ஒருநாள் சந்திப்பீர்கள்.

ராட்டினம்

எளிமையான பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டைதான் இருக்கும். 100 கூடு இருந்தால் முதல் டையை மாட்டி நூறையும் இறுக்குவோம், பிறகு டையை மாற்றி நூறுக்கும் அடுத்த வேலை, இப்படியே போகும். ஒரே தோசைக்கல்லில் ஒவ்வொன்றாக ஊற்றுகிற கதை. பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேரத்தில் 50 முதல் 100 தோட்டா முடியும். வேட்டைக்காரருக்கு வருடத்துக்கே அது போதும். ஒரு சனிக்கிழமைப் போட்டியில் மட்டும் 150, 200 என்று சுடுகிறவருக்கு, அதற்குமேல் வாராவாரப் பயிற்சியும் இருப்பவருக்கு, எப்படிப் போதும்?

இந்த இடத்தில்தான் புரோகிரசிவ் வருகிறது. பலர் இதை இட்லிப் பானை மாதிரி கற்பனை செய்கிறார்கள், ஒரே ஈட்டில் பதினாறு என்று. அது தவறு. இட்லிப் பானையில் பதினாறும் ஒரே நிலையில் வேகின்றன. இது திருவிழா ராட்டினம் மாதிரி. ராட்டினம் ஆட்களை ஏற்றும்போது கவனித்திருப்பீர்கள்: ஒவ்வொரு தொட்டியாக நிறுத்துவார்கள், கீழே வந்த தொட்டியிலிருந்து ஒருவர் இறங்குவார், இன்னொருவர் ஏறுவார், மற்றவர்கள் எல்லாம் வெவ்வேறு உயரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். புரோகிரசிவ் பிரஸ்ஸின் இதயமான ஷெல் பிளேட் அந்த ராட்டினம்தான், படுக்கப்போட்ட ராட்டினம். ஓரத்தில் கூடுகளைக் கவ்விக்கொள்ளும் பள்ளங்கள் உள்ள வட்டத் தட்டு அது. மேலே ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேராக ஒரு டை.

கைப்பிடியை ஒருமுறை இழுத்து விடுகிறோம். முதல் இடத்தில் ஒரு கூடு இறுகி, அதன் பழைய பிரைமர் வெளியேறுகிறது. இரண்டாவது இடத்தில் இன்னொரு கூட்டுக்குப் புது பிரைமரும் மருந்தும். மூன்றாவதில் மருந்தின் உயரம் சரியா என்று ஒரு கம்பி தொட்டுப் பார்க்கிறது. நான்காவதில் குண்டு அழுந்துகிறது. ஐந்தாவதில் கிரிம்ப். பிறகு தட்டு ஓர் இடம் நகர்கிறது, முடிந்த தோட்டா ‘டிங்’ என்று பெட்டிக்குள் விழுகிறது. பிரஸ்ஸுக்குப் பிரஸ் இந்த வரிசை கொஞ்சம் மாறும், தத்துவம் மாறாது.

அம்பத்தூர், ஹோசூர் பக்கம் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். தகட்டுச் சுருள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி நகர, துளை, வளைவு, வெட்டு எல்லாம் ஒரே அடியில் அடுத்தடுத்த இடங்களில் நடக்கும் ‘புரோகிரசிவ் டூல்’ அங்கே உண்டு. அதே யோசனை, கைப்பிடி வடிவில்.

தட்டு நகர்வதில் இரண்டு வகை இருக்கிறது. சிலவற்றில் நாமே கட்டைவிரலால் நகர்த்த வேண்டும், டில்லன் என்ற நிறுவனத்தின் 550 அப்படி. அதே நிறுவனத்தின் எக்ஸ்எல் 750, ஹார்னடியின் லாக் அன் லோட் ஏபி போன்றவற்றில் கைப்பிடியின் அசைவே தட்டை நகர்த்திவிடும்.

சுருக்கமாக: ஒரு தோட்டாவுக்கு ஐந்து இழுப்பு தேவை என்பது இங்கேயும் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு இழுப்பும் ஐந்து தோட்டாக்களின் ஐந்து வேலைகளைச் செய்வதால், தட்டு நிறைந்த பிறகு இழுப்புக்கு ஒன்று வெளியே வருகிறது. மணிக்கு 400, 500 என்பது பழகியவருக்குச் சாதாரணம்.

மருந்தைப் படியில் அளக்கிறோம்

ரீலோடிங்கில் எடையைச் சொல்வது கிரெய்ன் என்ற அலகில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி எடை ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் வரும் என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றில் இருக்கும் மருந்து இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். அவ்வளவு கொஞ்சம்.

எடையில் பேசினாலும் பிரஸ் நிறுப்பதில்லை. மேலே ஒரு குழாயில் மருந்து நிற்கும், கீழே அளவு மாற்றக்கூடிய ஒரு சின்னக் குழி. கூடு மேலே வந்து முட்டும்போது அந்தக் குழி நகர்ந்து உள்ளே இருப்பதைக் கொட்டும். அரிசியைத் தராசில் நிறுக்காமல் உழக்கில் அளக்கிற மாதிரி. உழக்கில் அரிசியை அள்ளி ஒரு தட்டுத் தட்டினால் இறங்கும், இன்னும் ஒரு பிடி கொள்ளும் என்பது நமக்குத் தெரியும். மருந்தும் அப்படித்தான். மெஷின் அதிர அதிர மருந்து இறுகிப் படிகிறது, அதனால் முதல் பத்து அளவும் அதற்குப் பின் வருபவையும் கொஞ்சம் வித்தியாசப்படும். அனுபவசாலிகள் முதல் சில அளவுகளைத் திரும்பக் குழாயிலேயே கொட்டிவிட்டு, பிறகு நிறுத்துப் பார்த்து, நடுநடுவேயும் ஒன்றை எடுத்துத் தராசில் வைப்பார்கள். மருந்தின் வடிவமும் முக்கியம். குட்டி உருண்டைகளாக இருப்பது தண்ணீர் மாதிரி வழிந்து சீராக அளக்கும், பெரிய தட்டைச் செதில்கள் அவ்வளவு சீராக அளக்காது.

எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதன் விலை

இனி எரிச்சல்கள். இவை தனித்தனிக் கோளாறுகளாகத் தோன்றும், ஆனால் வேர் ஒன்றுதான். ஐந்து வேலைகள் ஒரே கைப்பிடியில் கட்டப்பட்டிருப்பதால் எங்கே சின்னதாக ஒன்று பிசகினாலும் ஐந்தும் நிற்கும், இல்லையென்றால் பிசகு அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரும்.

பிரைமர் ஊட்டம்தான் தலைவலிகளில் பெரியது. பாசிப்பயறு மாதிரி சின்னப் பொருள், அது நேராகப் படுத்து, சரியான பக்கம் மேலே இருக்க, ஒவ்வொன்றாக வந்து உட்கார வேண்டும். சிந்திய மருந்துத் துகள் இரண்டு அதன் வழியில் கிடந்தால் போதும், பிரைமர் சாயும், சாய்ந்ததை நாம் தெரியாமல் அழுத்தினால் நசுங்கும். அந்தத் துகள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தட்டு நகரும்போது ‘டக்’கென்று குதித்து நிற்பதால், மருந்து நிரம்பிய சின்னக் கூட்டிலிருந்து தெறித்தது. அதற்காகத் தட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மென்மையாக மாற்றுகிறார்கள், சிலர் கையை மெதுவாக்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது வழி செலவில்லாதது, எனக்கு அதுதான் பலித்தது.

அடுத்தது கலப்படம். .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டா வகையின் கூடுகள் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுதான், ஆனால் சிலவற்றில் பெரிய பிரைமருக்கான குழி, சிலவற்றில் சின்னதற்கு. பெரியதற்காக ஓட்டிக்கொண்டிருக்கும்போது சின்னக் குழி ஒன்று வந்தால் கைப்பிடி கல்லில் இடித்த மாதிரி நிற்கும். அதற்குமேல் பலம் கொடுக்கவே கூடாது. 9 மில்லிமீட்டர் கூடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் குட்டையான .380 கூடு ஒளிந்திருக்கும். .40 கூட்டுக்குள் 9 மில்லிமீட்டர் கூடு பொம்மைக்குள் பொம்மை மாதிரி புகுந்துகொண்டிருக்கும். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நெருக்கிவைத்திருப்பார்கள், அதை விரிக்காமல் புது பிரைமர் இறங்காது. ஒற்றை டை பிரஸ்ஸில் இதெல்லாம் ஒரு கூட்டின் பிரச்சினை. இங்கே அதே நொடியில் பக்கத்து இடத்தில் ஒரு கூட்டுக்கு மருந்து பாதி விழுந்திருக்கலாம், இன்னொன்றில் குண்டு பாதி இறங்கியிருக்கலாம்.

புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இன்னொரு புதிர் இது. ஒரே ஒரு கூட்டை மட்டும் தட்டில் வைத்து, எல்லா டைகளையும் அழகாகச் சரிசெய்வார்கள். பிறகு ஓட்ட ஆரம்பித்தால் தோட்டாவின் நீளம் மாறியிருக்கும். காரணம் எளிது. ஒரு தாம்பாளத்தை நடுவில் விரல்நுனியில் தாங்கி, ஓரத்தில் ஒரு மாம்பழம் வைத்தால் சாயும், சுற்றிலும் வைத்தால் நேராக நிற்கும். ஷெல் பிளேட்டும் அப்படித்தான், முடியளவு சாய்கிறது. முதல் டையில் கூட்டை இறுக்குவதற்கு மிகுந்த பலம் வேண்டும், அந்தப் பலம் தட்டின் ஒரு பக்கத்தை அழுத்துவதால் எதிர்ப்பக்கத்தில் குண்டு இறங்கும் ஆழம் மாறுகிறது. ஆகவே டைகளைத் தட்டு நிறைந்த நிலையில்தான் சரிசெய்ய வேண்டும். இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை, ஒரு மாலை முழுவதும் போனது.

தடைபட்ட இழுப்பு

எரிச்சல் வேறு, ஆபத்து வேறு. இந்த மெஷினில் உண்மையான ஆபத்து ஓடிக்கொண்டிருக்கும்போது வருவதில்லை, நின்று மறுபடி தொடங்கும்போதுதான் வருகிறது.

ஏதோ சிக்கி நிற்கிறது. நாம் குனிந்து பார்க்கிறோம், கைப்பிடியைக் கொஞ்சம் ஏற்றி இறக்குகிறோம், போன் அடிக்கிறது, பேசிவிட்டு வருகிறோம். மருந்து விழும் இடத்தில் இருந்த கூட்டுக்கு மருந்து விழுந்ததா, விழவில்லையா, அல்லது அந்த ஏற்ற இறக்கத்தில் இரண்டுமுறை விழுந்ததா? இரண்டுமுறை விழுந்தால் அழுத்தம் துப்பாக்கியையே உடைக்கலாம். .38 ஸ்பெஷல் போன்ற நீளமான கூட்டில் இரண்டு மடங்கு மருந்தும் வெளியே தெரியாமல் அடங்கிவிடும் என்பதால் அங்கே கவனம் இன்னும் கூட வேண்டும். விழவே இல்லை என்றால் அதற்கு ஸ்குவிப் என்று பெயர்: பிரைமரின் பலம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி, வழியிலேயே நிறுத்திவிடும். சத்தம் ‘பொத்’தென்று மந்தமாக இருக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் அடைபட்டிருப்பதால் வெடிக்கலாம். போட்டிகளில் அந்தச் சத்தம் கேட்ட உடனே நடுவர் ‘ஸ்டாப்’ என்று கத்துவது இதற்காகத்தான்.

பரிகாரம் சலிப்பானது, ஆனால் விலக்கே கிடையாது: நின்றால், தட்டில் இருப்பதையெல்லாம் கையால் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. ஐந்து கூடு வீணானாலும் பரவாயில்லை. அதோடு, குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண்ணால் பார்ப்பது. இதற்காகவே மேசை விளக்கைத் தட்டுக்கு நேராகச் சாய்த்து வைக்கிறார்கள். மருந்தின் உயரத்தைத் தொட்டுப்பார்க்கும் டை இருந்தாலும் கண் ஓய்வெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் இரண்டு. பிரைமர் குழாயில் 100 பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும், ஒன்று வெடித்தால் மற்றவையும் வெடிக்கக்கூடும், அதனால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரஸ் முன் உட்காரக் கூடாது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயம் இருக்கிறது, கூடுகளைச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியிலும் அது இருக்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பக்கமும் குழந்தைகள் பக்கமும் போக வேண்டும்.

அப்புறம் ஏன் இதைச் செய்கிறோம்

காசு மிச்சம் என்பார்கள். ஒரு கணக்குக்காக, தோட்டாவுக்கு 5 கிரெய்ன் என்று வைத்தால் ஒரு பவுண்டு மருந்தில் 1,400 தோட்டா வரும், கூடு இலவசம், ஆகவே ஒரு தோட்டாவின் செலவு குறையும் என்பது சரிதான். ஆனால் நடைமுறையில் தோட்டா மலிவானதும் நாம் அதிகம் சுடுகிறோம், மாதச் செலவு பழைய இடத்திலேயே நிற்கிறது. காசுக்காக மட்டும் என்றால் நான் யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

உண்மையான பலன் வேறு. யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கப் போட்டி அமைப்பில் ‘பவர் ஃபேக்டர்’ என்று ஒரு கணக்கு உண்டு. குண்டின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, 1,000-ஆல் வகுப்பது. மைனர் என்ற பிரிவுக்கு அது 125-க்குக் குறையக் கூடாது, மேஜருக்கு 165. 147 கிரெய்ன் குண்டு நொடிக்கு 880 அடியில் போனால் 129 வருகிறது, மைனருக்குப் போதும். கடைத் தோட்டாக்கள் பல இந்த எல்லையைத் தாண்டி நிறையவே மேலே இருக்கும், அந்தக் கூடுதல் எல்லாம் நம் மணிக்கட்டில் உதையாக இறங்கும். சொந்தமாகச் செய்பவர், பிரசுரமான அளவு நூல்களின் வரம்புக்குள் நின்றுகொண்டே, எல்லையைச் சற்றுத் தாண்டுமளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியும். உதை குறைந்தால் துப்பாக்கி சீக்கிரம் குறிக்குத் திரும்பும். தன் கைக்கும் தன் துப்பாக்கிக்கும் ஏற்ற தோட்டா கடையில் கிடைக்காது, தைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று விளக்கக் கொஞ்சம் கடினம். சில மாதங்கள் ஓட்டிய பிறகு கை படிக்க ஆரம்பிக்கிறது. கைப்பிடியைப் பின்னால் தள்ளும்போது பிரைமர் உட்காருகிற அந்த மென்மையான எதிர்ப்பு விரலுக்குத் தெரியும். அது இல்லாமல் வழுக்கிப் போனால் அந்தக் கூட்டின் குழி தளர்ந்துவிட்டது, எடுத்து எறிய வேண்டியதுதான். இறுக்கும் டையில் வழக்கத்தைவிட லேசாக ஏறினால் கூடு விரிசல் விட்டிருக்கலாம். சத்தம், எதிர்ப்பு, தட்டு நகரும் ‘டக்’, தோட்டா விழும் ‘டிங்’, எல்லாம் தறி ஓடுகிற மாதிரி ஒரு தாளத்தில் விழும். ஒரு சத்தம் பிசகினால் மூளை புரிந்துகொள்வதற்கு முன்பே கை நின்றுவிடும். முதல் மாதம் என்னைப் பாடாய்ப் படுத்திய அதே இணைப்பு, ஐந்து இடங்களும் ஒரே கைப்பிடியில் கட்டப்பட்டிருப்பது, இப்போது ஐந்து இடத்துச் செய்தியையும் ஒரே கையில் கொண்டுவந்து கொடுக்கிறது.

எதில் தொடங்கலாம்

ஒற்றை டை பிரஸ்ஸில் தொடங்குங்கள் என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஒவ்வொரு வேலையும் தனியாக எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்தபின் ஐந்தையும் சேர்த்து ஓட்டுவது சுலபம். நேராக புரோகிரசிவ் வாங்கிவிட்டீர்களா, அதிலும் வழி இருக்கிறது: முதல் சில நாட்கள் தட்டில் ஒரே ஒரு கூட்டை மட்டும் போட்டு, அது ஐந்து இடங்களையும் சுற்றி வெளியே வருவதைப் பாருங்கள். பிறகு இரண்டு. வேகம் தானாக வரும்.

வெளியே வந்து விழுந்ததும் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நூறு தோட்டாவை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பிரைமர் மேலே தெரியக் கவிழ்த்து அடுக்கி, விரல் நுனியை வரிசை வரிசையாக ஓட்டுவேன். துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. பிறகு ஒவ்வொன்றையும் துப்பாக்கி அறையின் அளவில் குடைந்த ஓர் உருக்குக் கட்டைக்குள் போட்டுப் பார்ப்பேன். தானாக இறங்கித் தானாக வெளியே விழுந்தால் போட்டிக்கு. சிக்கினால் தனி டப்பாவுக்கு. நேற்று போட்ட நூறில் டப்பாவுக்குப் போனது இரண்டு.